கொழுந்துக் கணக்குக்கு ஓர் எக்ஸ்டென்ஷன்: எந்த மொழியில் எழுதுவது?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே, படி இறங்கினால் வரும் இரண்டாவது வீட்டுப் பெண் கோயம்புத்தூரில் கணினிப் படிப்பு படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. போன விடுமுறையில் ஒரு நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். "அண்ணா, எடிட்டருக்குள்ள ஓடுற மாதிரி ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் எழுதணும். பைத்தான்ல எழுதட்டுமா, ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதட்டுமா? லுவான்னு வேற ஒண்ணு இருக்காமே?"

எடிட்டர் என்று அவள் சொன்னது நிரலும் உரைக் கோப்பும் எழுதும் மென்பொருளை, எக்ஸ்டென்ஷன் என்பது அதில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் வசதி. எதற்கு என்று கேட்டேன். அவள் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பறித்த கொழுந்து ஃபேக்டரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எடையை டைரியில் குறித்து வைப்பார். இவள் ஊருக்கு வரும்போதெல்லாம் அதைச் சாதாரண உரைக் கோப்பு ஒன்றில் தட்டி வைப்பாள். ஒரு வரி இப்படி இருக்கும்: 14-07 மேல்தோட்டம் 42.5 கிலோ. மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரி, வருடக் கணக்கு பார்க்கும்போது நூறைத் தாண்டிவிடும், அதைக் கால்குலேட்டரில் கூட்டும்போது ஒரு வரியை விட்டுவிட்டால் மறுபடி முதலில் இருந்து. வரிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்தினால் மொத்தம் கீழே வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. கூடவே ஒன்று: வீட்டு மடிக்கணினியில் ஓடுவது போலவே, எதையும் இன்ஸ்டால் செய்ய விடாத கல்லூரி லேப் கணினியில் பிரவுசருக்குள் திறக்கும் எடிட்டரிலும் ஓட வேண்டும்.

மொழியைப் பற்றிய அவள் கேள்விக்குப் பதில் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. எப்படி என்று சொல்வதற்கு முன் அடிப்படையில் இருந்து வருகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு வருகிற பலருக்கும் எக்ஸ்டென்ஷன் எடிட்டருக்குள் எங்கே உட்கார்ந்து ஓடுகிறது என்பதை யாரும் சொல்லித் தந்திருப்பதில்லை.

மொழியும் வாசலும்

எடிட்டர்களில் பலவற்றின் உட்பகுதி சி, சி++, ரஸ்ட் போன்ற மொழியில் எழுதி, இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, மூடிக் கொடுக்கப்பட்டது. கிலோவைக் கூட்டும் வசதி வேண்டும் என்றால் அந்த மூல நிரலை எடுத்து, திருத்தி, மொத்த எடிட்டரையும் திரும்பக் கட்ட வேண்டும். கொழுந்துக் கணக்குக்காக யாரும் அதைச் செய்யப் போவதில்லை. அதனால் எடிட்டரை உருவாக்குகிறவர்கள் உள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பானை வைத்துவிடுகிறார்கள். எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெளியில் இருந்து நாம் கொடுக்கும் சிறு நிரலைப் படித்து அதன்படி அது நடக்கும். அந்தச் சிறு நிரலை எழுதும் மொழிதான் ஸ்கிரிப்ட் மொழி, அந்த நிரல்தான் எக்ஸ்டென்ஷன், சிலர் பிளகின் என்பார்கள்.

ஆனால் மொழி மட்டும் இருந்து பயனில்லை. "தேர்ந்தெடுத்த வரிகளைக் கொடு", "இந்த இடத்தில் இதை எழுது", "இந்த விசையை அழுத்தினால் என்னைக் கூப்பிடு" என்று எக்ஸ்டென்ஷன் எடிட்டரிடம் கேட்க ஒரு வாசல் வேண்டும். ஏபிஐ என்று சொல்வது இதைத்தான். நான் இந்தக் கட்டுரையில் வாசல் என்றே சொல்கிறேன். மொழி எதுவாக இருந்தாலும், வாசல் வழியாக எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று எடிட்டர் வைத்திருக்கும் ஏற்பாடுதான் எக்ஸ்டென்ஷனின் திறமையைத் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மொழிச் சண்டைகளில் முக்கால்வாசி தேவையே இல்லை என்பது என் கருத்து.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிரவுசரில் விளம்பரத்தைத் தடுக்கும், கடவுச்சொல்லை நினைவில் வைக்கும் எக்ஸ்டென்ஷன்கள் வேறு. அவை பிரவுசரைச் சேர்ந்தவை. நாம் பேசுவது எடிட்டரைச் சேர்ந்த எக்ஸ்டென்ஷன், அந்த எடிட்டர் பிரவுசருக்குள் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் வெப் எக்ஸ்டென்ஷன் என்றே சொல்வதால் தேடும்போது தப்பான பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

மற்ற எடிட்டர்கள் என்ன செய்தன

1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிஎன்யூ ஈமேக்ஸில் அடித்தளம் மட்டும் சி, அதற்கு மேலே இருக்கும் பெரும்பகுதி ஈமேக்ஸ் லிஸ்ப். நீங்கள் எழுதும் நிரலும் ஈமேக்ஸின் சொந்த நிரலும் ஒரே மொழி, நடுவில் சுவரே கிடையாது, எடிட்டரின் உள் செயல்பாடு ஒன்றை நீங்களே மாற்றி எழுதிவிடலாம். நாற்பது வருடமாக மக்கள் அதை விடாமல் இருப்பதற்கு இந்தச் சுதந்திரம் ஒரு பெரிய காரணம். இதற்கு ஒரு விலையும் உண்டு. நீங்கள் எழுதிய ஒரு சுற்று முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எடிட்டரும் கூடவே உறைந்துபோய் நிற்கும்.

விம் வேறு வழியில் வந்தது. பிராம் மூலனார் 1991இல் வெளியிட்டபோது அதில் இருந்தவை தட்டச்சு செய்யும் கட்டளைகள். அந்தக் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தார்கள், பிறகு நிபந்தனை சேர்ந்தது, சுற்று சேர்ந்தது, செயல்கூறு சேர்ந்தது, கடைசியில் விம்ஸ்கிரிப்ட் என்று ஒரு மொழியே ஆகிவிட்டது. மூன்று வரி எழுத அதைவிடச் சுலபமானது கிடையாது. மூவாயிரம் வரி எழுதும்போதுதான் கஷ்டம் தெரியும், அத்தோடு விம்முக்கு வெளியே அந்த மொழியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 2014இல் கிளைபிரிந்த நியோவிம், லுவாவை உள்ளே வைத்தது. 2021இல் வந்த 0.5 பதிப்பில் இருந்து அமைப்புக் கோப்பையே லுவாவில் எழுதலாம் என்றானது, புது பிளகின்கள் பெரும்பாலும் லுவாவுக்கு நகர்ந்தன.

லுவாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெண் பெயரை மட்டும்தான் கேட்டிருந்தாள். 1993இல் பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. போர்த்துகீசியத்தில் லுவா என்றால் நிலா. தொடக்கத்திலிருந்தே அதன் வேலை இன்னொரு மென்பொருளுக்குள் குடியிருப்பது. மொத்த மொழிபெயர்ப்பானும் சில நூறு கேபிதான், அதனால் ஒரு எடிட்டருக்குள் வைத்தாலும் விளையாட்டுக்குள் வைத்தாலும் எடை தெரியாது. எந்த நூலகத்தைத் திறந்துவிடுவது, எதைப் பூட்டி வைப்பது என்பதும் வீட்டுக்காரர் கையில்: கோப்பைத் தொடும் பகுதியைச் சேர்க்காமல் விட்டால், உள்ளே ஓடும் ஸ்கிரிப்ட் கோப்பைத் தொடவே முடியாது. நீங்களே ஓர் எடிட்டரைக் கட்டுகிறீர்கள், அதை உங்கள் கணினியில் நேரடியாக ஓட்டப் போகிறீர்கள் என்றால், நான் யோசிக்காமல் லுவா என்பேன்.

சப்லைம் டெக்ஸ்ட் பைத்தானை எடுத்தது. பிளகின்களை எடிட்டரில் இருந்து பிரித்து, தனிச் செயலியில் ஓடவிட்டது. பைத்தான் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருப்பதால் பிளகின் எழுத ஆள் கிடைப்பதில் சிரமம் இல்லை.

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் ஒப்பீடு. ஆட்டம் எடிட்டர் 2014இல் வெளியே வந்தது, விஎஸ் கோட் 2015இல். இரண்டுமே பிரவுசர் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்டவை, இரண்டிலும் எக்ஸ்டென்ஷனின் மொழி ஜாவாஸ்கிரிப்ட் குடும்பம்தான். ஆனால் ஆட்டத்தில் எக்ஸ்டென்ஷன்கள் எடிட்டரின் ஜன்னலுக்குள்ளேயே ஓடின, திரையில் தெரியும் எதையும் நேராகத் தொட்டு மாற்றலாம். விஎஸ் கோட் அதை அனுமதிக்கவில்லை: எக்ஸ்டென்ஷன் தனியாக ஓடும், திரையைத் தொட முடியாது, வாசலில் நின்று கேட்டால் எடிட்டர் செய்து கொடுக்கும். முதலில் இது எரிச்சலாக இருக்கும், நானும் "ஒரு வண்ணத்தை மாற்ற இவ்வளவு சுற்றா" என்று அலுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு எக்ஸ்டென்ஷன் திணறினாலும் நீங்கள் தட்டும் எழுத்து திரையில் வந்துகொண்டே இருக்கும். ஆட்டம் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது, அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. நான் இங்கே காட்ட வருவது, மொழி ஒன்றாகவே இருந்தும் வாசலை வைத்த விதத்தால் இரண்டு எடிட்டர்களின் குணமே வேறாகப் போனதைத்தான்.

பிரவுசருக்குள் வந்தால்

விஎஸ் கோடின் பிரவுசர் வடிவம் 2021இல் வந்தது. முகவரியைத் தட்டினால் எடிட்டர் திறக்கும், இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். அங்கே எக்ஸ்டென்ஷன் ஓடும் இடம் வெப் வொர்க்கர் எனப்படும் பின்னணி அறை. அந்த அறைக்குள் என்ன இல்லை என்பதைத் தெரிந்துகொள்வதுதான் பாதிப் பாடம். ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ் தரும் வசதிகள் கிடையாது. கணினியில் இருக்கும் வேறு நிரலைக் கூப்பிட்டு ஓட்ட முடியாது. கோப்பை நேராகத் திறக்க முடியாது, எடிட்டரின் வாசல் வழியாகத்தான் கேட்டுப் பெற வேண்டும். உங்கள் நிரல் பத்துக் கோப்பாகப் பிரிந்திருந்தால் ஒரே கோப்பாகக் கட்டித்தான் கொடுக்க வேண்டும், அதற்கு இஎஸ்பில்ட், வெப்பேக் போன்ற கருவிகள் இருக்கின்றன.

நான் இதைத் தெரிந்துகொண்ட விதம் சுகமானதல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்த கட்டுரைகளை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்ற ஓர் எக்ஸ்டென்ஷன் எழுதியிருந்தேன். மாற்றும் வேலையைப் பைத்தானில் எழுதி, எக்ஸ்டென்ஷன் அந்தப் பைத்தானைப் பின்னால் கூப்பிடும்படி வைத்திருந்தேன். என் கணினியில் மாதக்கணக்கில் நன்றாக ஓடியது. ஒரு நாள் நூலகம் ஒன்றில் பெரியவர் ஒருவர் வைத்திருந்த கட்டுரைகளை மாற்றித் தருவதாகச் சொல்லிப் போய், அங்கிருந்த கணினியில் பிரவுசர் எடிட்டரைத் திறந்தால் என் எக்ஸ்டென்ஷனை இயக்கவே வழியில்லை. அவர் பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை வேறு. அன்று வெறுங்கையோடு அவரை அனுப்பிவைத்தது இன்னும் மனதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது, உண்மையில் அந்த எக்ஸ்டென்ஷனின் உயிர் பைத்தானில் இல்லை, எந்தப் பாமினி எழுத்துக்கு எந்த யூனிகோடு எழுத்து என்ற அட்டவணையில்தான் இருந்தது. அதை ஜேசன் என்ற உரை வடிவத்தில் தனிக் கோப்பாக எடுத்து வைத்துவிட்டு, சுற்றியிருந்த நிரலை ஜாவாஸ்கிரிப்டில் திருப்பி எழுத இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து மாறாத தரவைத் தரவாகவே தனியே வைக்கிறேன், எந்த மொழிக்குப் போனாலும் அது கூட வரும்.

சரி, ஏன் ஜாவாஸ்கிரிப்ட்? மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயில் ஏறியவர்களுக்குத் தெரியும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும், குன்னூர் வரை அதன் மேல்தான் ஏற்றம், சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயர்வு. அந்தப் பல்லில் மாட்டிக்கொள்ளும் சக்கரம் உள்ள எஞ்சின்தான் அங்கே ஏறும். குன்னூர் வந்ததும் எஞ்சினை மாற்றுகிறார்கள், ஊட்டிக்கு டீசல் எஞ்சின் இழுத்துப் போகும். 1899இல் குன்னூர் வரை பாதை போட்ட நாளில் இருந்தே எந்த எஞ்சின் என்பதைப் பாதைதான் சொல்கிறது. பிரவுசரும் அப்படிப்பட்ட பாதை. 1995இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் பிரவுசருக்காகப் பத்து நாளில் முதல் வடிவம் எழுதிய ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும்தான் அதில் பல் பொருந்தியிருக்கிறது. கூடவே வெப்அசெம்பிளி என்று ஒன்று உண்டு, 2019 டிசம்பரில் அதிகாரபூர்வத் தரமானது, சி, ரஸ்ட் போன்றவற்றில் எழுதியதைப் பிரவுசருக்குள் ஓட்ட அது வழி செய்கிறது. மற்ற எந்த மொழியும் பிரவுசருக்குள் வர வேண்டுமானால் இந்த இரண்டில் ஒன்றின் தோளில் ஏறித்தான் வர முடியும்.

பைத்தானும் அப்படி வந்திருக்கிறது. பையோடைட் என்ற திட்டம் மொத்தப் பைத்தானையும் வெப்அசெம்பிளியாக மாற்றித் தருகிறது, அருமையான வேலை, அறிவியல் கணக்குகளுக்கு நான் மனதாரப் பரிந்துரைப்பேன். ஆனால் உங்கள் நாற்பது வரி நிரல் ஓடுவதற்கு முன் பல எம்பி கீழிறங்க வேண்டும். மழைக்காலத்தில் கோத்தகிரிக்கு மேலே ஏதாவது ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், உட்கார்ந்து, ஒரு கோடு சிக்னலில், பன்னிரண்டு எண்களைக் கூட்டுவதற்காக ஒருவர் அதை இறக்கிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. லுவாவின் கதையும் அதேதான், எடை குறைவு என்றாலும் பிரவுசரில் அது விருந்தாளி.

எழுத்தை எப்படி எண்ணுகிறது?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மொழித் தேர்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, ஆங்கிலப் பாடங்களில் இது வரவே வராது, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோத்தகிரி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து: கோ, த், த, கி, ரி. யூனிகோடில் அது ஒன்பது குறியீடு, ஏனென்றால் க தனி, ஓகாரக் குறி தனி, புள்ளி தனி, இகரக் குறி தனி. யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான வடிவமான யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, மொத்தம் இருபத்தேழு.

இதன் நீளம் என்ன என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஒன்பது என்கிறது. பைத்தானும் ஒன்பது. லுவாவில் நீளக் குறியைப் போட்டால் இருபத்தேழு, ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது. லுவா 5.3இல் யூடிஎஃப்-8 நூலகம் சேர்ந்தது, ஆனால் நியோவிம் பயன்படுத்தும் லுவாஜிட் என்ற வேகமான லுவா வடிவம் 5.1ஐ ஒட்டியது, அங்கே அந்த நூலகம் உடன் வராது, எடிட்டர் தரும் செயல்கூறுகளைத்தான் நம்ப வேண்டும். ஐந்து என்ற நம் விடையைக் கேட்டுப் பெற ஜாவாஸ்கிரிப்டில் வழி இருக்கிறது: இன்ட்ல் செக்மென்ட்டர் என்ற உள்ளமைந்த வசதி, எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். 2024இல் ஃபயர்ஃபாக்ஸும் அதைச் சேர்த்த பிறகு முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. வெளியில் இருந்து எந்த நூலகமும் இல்லாமல் தமிழ் எழுத்தைச் சரியாக எண்ணித் தரும் ஒன்று கையிலேயே இருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

தேடல் வடிவங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு சொல்லைப் பிடிக்க எல்லாரும் கற்றுத்தரும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ, ஜாவாஸ்கிரிப்டில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டுமே பிடிக்கும், தமிழை அறவே தொடாது. பைத்தானில் அது தமிழைத் தொடும், ஆனால் உயிர்க்குறியும் புள்ளியும் வரும் இடத்தில் சொல்லை வெட்டிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் தேடல் வடிவத்தின் கடைசியில் u என்ற யூனிகோடு கொடியைப் போட்டு, எழுத்து வகையையும் குறி வகையையும் சேர்த்துக் கேட்டால் மேல்தோட்டம் முழுதாக வரும். எழுத்து வகையை மட்டும் கேட்டுவிட்டு, ஏன் 'ம' மட்டும் வருகிறது என்று ஒரு மாலை முழுக்கத் தவித்தவர்களை எனக்குத் தெரியும். ஓகாரத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் தட்டலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. கிலோ என்ற சொல்லைத் தேடும் எக்ஸ்டென்ஷனுக்கு இது நேரடிச் சிக்கல். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்று ஒரே அழைப்பில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், பைத்தானிலும் அதற்கு நூலகம் இருக்கிறது, லுவாவில் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

எடிட்டர் ஒரு வரியில் இத்தனையாவது இடம் என்று சொல்லும் எண்ணும் எழுத்தெண்ணிக்கை அல்ல. விஎஸ் கோட் யூடிஎஃப்-16 அலகில், அதாவது இரண்டு பைட்டு அலகில், எண்ணுகிறது. அன்றாடத் தமிழுக்கு ஒரு குறியீடு ஓர் அலகு என்று சரியாகவே வரும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த பழைய பின்னக் குறிகளை, அதாவது மாகாணி, அரைக்கால் போன்றவற்றின் குறிகளை யாராவது கோப்பில் இட்டால் ஒவ்வொன்றும் இரண்டு அலகு. வரிகளை விஎஸ் கோடின் வாசல் பூஜ்யத்தில் இருந்து எண்ணுகிறது, நியோவிமின் வாசலிலும் முதல் வரி பூஜ்யம், ஆனால் லுவாவின் பட்டியலில் முதல் இடம் ஒன்று, இரண்டும் கலக்கும் இடத்தில் ஒரு வரி நழுவும்.

சரி, எதைத் தொடங்குவது

டைப்ஸ்கிரிப்டா ஜாவாஸ்கிரிப்டா என்று அடுத்த கேள்வி வரும். டைப்ஸ்கிரிப்ட் 2012இல் வந்தது, ஜாவாஸ்கிரிப்டின் மேல் வகைகளைச் சேர்த்தது, விஎஸ் கோடே அதில்தான் எழுதப்பட்டது. எடிட்டரின் வாசலில் எந்தச் செயல்கூறு என்ன கேட்கிறது என்பதைத் தட்டும்போதே காட்டிவிடும் என்பதால் புதியவருக்கு அது பெரிய துணை. ஐம்பது வரிக்குள் முடியும் என்றால் ஜாவாஸ்கிரிப்டே போதும், அதைத் தாண்டும் என்று தெரிந்தால் முதல் நாளே டைப்ஸ்கிரிப்டுக்குப் போய்விடுங்கள், நடுவில் மாறுவது சலிப்பான வேலை.

எழுதத் தொடங்கும் முன் நிரலே தேவையா என்றும் பாருங்கள். நிறத் தோற்றம், துணுக்குகள், ஒரு மொழிக்கு வண்ணமிடும் இலக்கணம் இவையெல்லாம் வெறும் தரவுக் கோப்புகள், மொழித் தேர்வே இல்லை, மேசைக் கணினியிலும் பிரவுசரிலும் அப்படியே ஓடும். நிரல் வேண்டும் என்றால், எக்ஸ்டென்ஷனின் விவரங்களை எழுதும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் இரண்டு நுழைவு இருக்கிறது: மெயின் என்று எழுதுவது மேசைக் கணினிக்கு, பிரவுசர் என்று எழுதுவது பிரவுசருக்கு. நான் அன்று நூலகத்தில் தவித்ததற்குக் காரணம் இரண்டாவதை எழுதவே இல்லை என்பதுதான். கோப்பு, வேறு நிரல் எதுவும் தேவைப்படாத எக்ஸ்டென்ஷன் என்றால் ஒரே நிரலை இரண்டு நுழைவுக்கும் கொடுக்கலாம், கொழுந்துக் கணக்கு அந்த வகை. பெரிய கணக்கு, ஒரு முழுத் தமிழ்ப் பிழைதிருத்தி மாதிரி ஒன்று என்றால், கனமான பகுதியை ரஸ்டிலோ சியிலோ எழுதி வெப்அசெம்பிளியாக மாற்றி, ஜாவாஸ்கிரிப்டை வாசல்காரராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸெட் என்ற புதிய எடிட்டர் எக்ஸ்டென்ஷன்களையே ரஸ்டில் எழுதி வெப்அசெம்பிளியாகத்தான் வாங்குகிறது.

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். மேசைக் கணினியில் ஓடும் எக்ஸ்டென்ஷன், எந்த மொழியானாலும், பெரும்பாலும் உங்கள் அனுமதிகள் அத்தனையோடும் ஓடுகிறது: உங்கள் கோப்பைப் படிக்கலாம், அனுப்பலாம். பிரவுசரின் பின்னணி அறையில் அவ்வளவு கை நீளாது. குடும்பத்தின் வரவு செலவு இருக்கும் கோப்பில் முன்பின் தெரியாதவர் எழுதிய எக்ஸ்டென்ஷனை ஓட்டுவதற்கு முன் அது எந்த அறையில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அவள் ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதினாள், நாற்பது வரிக்குப் பக்கத்தில் வந்தது. முதல் நாள் மொத்தம் தசமப் புள்ளிக்குப் பின் நீளமான வாலோடு வந்து நின்றது. பைத்தானில் எழுதியிருந்தால் இது வந்திருக்காதோ என்று கேட்டாள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பைத்தானிலும் 0.30000000000000004தான் வரும் என்று அங்கேயே தட்டிக் காட்டினேன். லுவா 5.1 அதை 0.3 என்று காட்டும், ஆனால் உள்ளே இருப்பது அதே எண்தான், காட்டும்போது இலக்கத்தைக் குறைத்துக்கொள்கிறது. மொழியை மாற்றித் தீராத சிக்கல் இது. கிலோவை ஆயிரத்தால் பெருக்கி, முழு எண்ணாக்கி, கிராமில் கூட்டிவிட்டுக் கடைசியில் வகுத்தாள், வால் போய்விட்டது.

கல்லூரி திறந்து அவள் போன வாரம் லேப்பில் இருந்து படம் அனுப்பியிருந்தாள், பிரவுசரில் அதே கோப்பு, அதே விசை, அதே மொத்தம். வீட்டு மடிக்கணினியில் அதைப் பார்த்த அவள் அப்பா முதலில் டைரியை எடுத்து இரண்டு மாதத்தைத் தானே கூட்டிச் சரிபார்த்தாராம். பிறகு ஃபோனில் கேட்டிருக்கிறார்: "ஏம்மா, மழை நாள்ல ஈரத்துக்குன்னு கழிச்சதையும் தனியா காட்டுமா இது?" இப்போது அவள் வரியின் கடைசியில் கழிவு என்று இன்னொரு சொல் வந்தால் அந்த எண்ணைப் பிரித்தெடுக்கும் தேடல் வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.